வன்தட்டு இடமீட்பு

வன்தட்டு இடமீட்பு என்பது வீட்டுக் கணினியொன்றின் வன்தட்டில் பயனருக்குக் கிடைக்காமற்போன சேமிப்பிடத்தைக் கண்டறிந்து, அதனை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் செயற்பாடுகளைக் குறிக்கும். அழிந்த கோப்புகளைத் திரும்பப் பெறும் தரவு மீட்பு இதனின்று வேறானது. தரவு மீட்பில் கோப்பு தேடப்படுகிறது. இடமீட்பில் வெற்றிடம் தேடப்படுகிறது.

"காணாமற்போன இடம்" என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே பொருளன்று. சில வேளைகளில் அந்த இடம் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. அளவிடும் அலகினால் இருப்பதுபோல் தோன்றியிருக்கும். சில வேளைகளில் இயங்குதளம் அதனைத் தன் தேவைக்கு ஒதுக்கி மறைத்து வைத்திருக்கும். கோப்பு முறைமையின் அமைப்பினாலேயே வீணாகும் இடமும் உண்டு. எஞ்சியதே உண்மையான குப்பை. இந்நான்கில் எது நேர்ந்துள்ளது என்று அறியாமல் அழிக்கத் தொடங்குபவர், இடத்தைப் பெறுவதற்குப் பதிலாகத் தம் கோப்புகளை இழக்கக்கூடும்.

பெட்டியில் உள்ள எண்ணும் திரையில் தெரியும் எண்ணும்

புதிய வன்தட்டைப் பொருத்தியவுடன் பயனர் காணும் முதல் இழப்பு வெறும் கணக்கு வேறுபாடாகும். வன்தட்டு உற்பத்தியாளர்கள் ஒரு கிகாபைட்டை நூறு கோடி பைட்டுகளாகக் கொள்கின்றனர். விண்டோஸ் இயங்குதளமோ இரண்டின் 30ஆம் அடுக்கான 1,073,741,824 பைட்டுகளை ஒரு கிகாபைட் என்று காட்டுகிறது. ஆகையால் 500 கிகாபைட் என்று விற்கப்படும் தட்டு விண்டோஸில் 465 கிகாபைட்டாகவும், ஒரு டெராபைட் தட்டு 931 கிகாபைட்டாகவும் தெரிகின்றன. இரண்டு எண்களும் குறிப்பது ஒரே எண்ணிக்கையிலான பைட்டுகளையே. மீட்பதற்கு இங்கே எதுவும் இல்லை.

அலகு பெரிதாகப் பெரிதாக இவ்வேறுபாடும் வளர்கிறது. கிலோபைட்டில் 2.4 விழுக்காடாக உள்ள இடைவெளி, மெகாபைட்டில் 4.9, கிகாபைட்டில் 7.4, டெராபைட்டில் ஏறத்தாழ 10 விழுக்காடு என உயர்கிறது. நெகிழ்வட்டுக் காலத்தில் எவரும் பொருட்படுத்தாத ஒன்று பின்னாளில் வழக்குமன்றம் வரை சென்றதற்கு இதுவே காரணம். ஐக்கிய அமெரிக்காவில் இது தொடர்பாகத் தொடுக்கப்பட்ட வழக்குகளில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2006ஆம் ஆண்டிலும், சீகேட் நிறுவனம் 2007ஆம் ஆண்டிலும் வாடிக்கையாளர்களுடன் இணக்கத் தீர்வு கண்டன. குழப்பத்தைத் தவிர்க்க அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1998ஆம் ஆண்டிலேயே இரும அலகுகளுக்குக் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் எனத் தனிப்பெயர்களை வகுத்தது. ஆப்பிள் நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியான மாக் ஓஎஸ் எக்ஸ் 10.6 பதிப்பிலிருந்து பதின்மக் கணக்கிற்கு மாறியது. விண்டோஸ் இரும எண்ணைப் பதின்மப் பெயரில் காட்டும் பழைய வழக்கத்தைக் கைவிடவில்லை.

கணினி காணாத பகுதி

வன்தட்டின் ஒரு பெரும்பகுதியே தென்படாமற்போவது வேறு வகை. செக்டர்களின் முகவரியை எழுதுவதற்கு எத்தனை பிட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளனவோ அதற்கு மேற்பட்ட இடத்தைக் கணினியால் சுட்ட இயலாது. 28 பிட்டு முகவரி முறையில், 512 பைட் அளவுள்ள செக்டர்களைக் கொண்டு 137 கிகாபைட் வரையே எட்ட முடிந்தது. 2002ஆம் ஆண்டு விண்டோஸ் எக்ஸ்பிக்கு வெளியான முதலாவது சேவைத் தொகுப்பு 48 பிட்டு முகவரியை ஆதரித்த பின்னரே அவ்வியங்குதளத்தில் பெரிய தட்டுகள் முழுமையாகப் பயன்பட்டன.

அதே கதை 32 பிட்டு எண்களைக் கொண்ட எம்பிஆர் பிரிவு அட்டவணையில் மீண்டும் நிகழ்ந்தது. இவ்வட்டவணை 2,199,023,255,552 பைட்டுகளுக்கு, அதாவது ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு, அப்பால் உள்ள இடத்தை அறியாது. 3 டெராபைட் தட்டொன்றை இம்முறையில் அமைத்தால், விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியில் 746 கிகாபைட் ஒதுக்கப்படாத இடமாகக் கிடக்கும். பழைய கட்டுப்படுத்திகளில் எண்ணே சுழன்று, தட்டின் மொத்தக் கொள்ளளவும் 746 கிகாபைட் என்று தெரிவதுண்டு. ஜிபிடி எனப்படும் புதிய பிரிவு அட்டவணைக்கு மாறுவதே இதற்குத் தீர்வு. தரவை வேறிடத்தில் படியெடுத்து வைத்த பின்னரே இம்மாற்றத்தைச் செய்தல் வேண்டும்.

உற்பத்தியாளர் வைத்துள்ள மீட்புப் பிரிவும் இதே கருவியில் பெயரில்லாத தொகுதியாகத் தெரியும். சில கிகாபைட் இடத்துக்காக அதனை நீக்குபவர்கள், கணினி தொடங்க மறுக்கும் நாளில் இயங்குதளத்தை மீள நிறுவும் எளிய வழியை இழக்கின்றனர்.

கொத்துகளும் வீணாகும் இடமும்

கோப்பு முறைமை வட்டை ஒரே அளவான சிறு கட்டங்களாகப் பகுத்து வைத்துள்ளது. இக்கட்டம் கொத்து எனப்படும். ஒரு கொத்தில் இரு கோப்புகள் தங்க இயலாது. எனவே ஒவ்வொரு கோப்பின் இறுதிக் கொத்திலும் ஓரளவு இடம் வெறுமையாகவே கிடக்கும். சராசரியாக அது அரைக் கொத்து என்று கொள்ளலாம்.

ஃபேட்16 கோப்பு முறைமையில் கொத்துகளின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ 65,000 என்ற உச்சவரம்பு இருந்தமையால், தட்டு பெரிதாகும்போது கொத்தும் பெரிதாக வேண்டியிருந்தது. 2 கிகாபைட் பிரிவில் ஒரு கொத்து 32 கிலோபைட். நாற்பது எழுத்துகள் கொண்ட ஒரு வரிக் குறிப்பும் அங்கே 32 கிலோபைட் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அத்தகைய பிரிவில் 20,000 கோப்புகள் இருப்பின் வீணாவது ஏறத்தாழ 320 மெகாபைட். தட்டின் ஆறில் ஒரு பங்கு. 1996ஆம் ஆண்டு விண்டோஸ் 95இன் இரண்டாம் வெளியீட்டுடன் வந்த ஃபேட்32, 8 கிகாபைட் வரையான பிரிவுகளில் கொத்தின் அளவை 4 கிலோபைட்டாகக் குறைத்தது. கோப்பு எதையும் அழிக்காமல், முறைமையை மாற்றியதாலேயே நூற்றுக்கணக்கான மெகாபைட் இடம் மீண்ட அரிய தருணம் அது.

என்டிஎஃப்எஸ் முறைமையிலும் இயல்பான கொத்து 4 கிலோபைட்டே. மிகச் சிறிய கோப்புகளை அது தன் தலைமை அட்டவணைக்குள்ளேயே வைத்துக்கொள்வதால் அவற்றுக்குத் தனிக்கொத்து தேவைப்படுவதில்லை. ஆயினும் இச்சிக்கல் முற்றிலும் பழங்கதையாகிவிடவில்லை. புறவன்தட்டுகளுக்குப் பெரிதும் பயன்படும் எக்ஸ்ஃபேட் முறைமையில், 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட பிரிவுகளின் இயல்பான கொத்து 128 கிலோபைட் ஆகும். நிழற்படங்களுக்கும் நிகழ்படங்களுக்கும் இது பொருட்டன்று; பல்லாயிரம் சிறு கோப்புகளைப் படியெடுப்பவர்கள் மட்டும் வியப்படைவர். விண்டோஸில் ஒரு கோப்புறையின் பண்புகளைத் திறந்தால் "அளவு", "வட்டில் உள்ள அளவு" என இரு எண்கள் காட்டப்படும். இரண்டுக்கும் இடையில் பெரும் வேறுபாடு இருப்பின் இவ்விரயம் நிகழ்கிறது என்று அறியலாம். சிறு கோப்புகளை ஒரே சுருக்கப் பொதியாகக் கட்டி வைப்பது போதுமான பரிகாரம்.

ஃபேட் முறைமையில் சொல்லின் நேர்ப்பொருளிலேயே தொலைந்துபோன கொத்துகளும் உண்டு. கோப்பு எழுதப்படும்போது மின்சாரம் நின்றுவிட்டால், சில கொத்துகள் பயன்பாட்டில் உள்ளவையாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் எந்தக் கோப்புக்கும் உரியனவாக இரா. எம்எஸ்-டாஸ் காலத்து செக்டிஸ்க் கருவியும், 1993ஆம் ஆண்டு 6.2 பதிப்புடன் வந்த ஸ்கேன்டிஸ்க் கருவியும் இவற்றைத் தேடிப் பிடித்து, சிஎச்கே என்ற பின்னொட்டுடைய கோப்புகளாக மாற்றித் தந்தன. அவற்றைத் திறந்து பார்த்து, தேவையற்றவையாயின் அழிப்பது பயனரின் பொறுப்பு. பாதியில் நின்ற கடிதமொன்று அவற்றுள் அகப்படுவதும் உண்டு.

இயங்குதளம் ஒதுக்கி வைப்பவை

வீட்டுக் கணினிகளில் பெருமளவு இடத்தைப் பிடிப்பவை பெரும்பாலும் மறைக்கப்பட்ட கோப்புகளே. நினைவகம் போதாதபோது பயன்படும் பக்கக் கோப்பு விண்டோஸ் எக்ஸ்பியில் நினைவகத்தைப் போல் ஒன்றரை மடங்கு அளவில் தொடங்கியது. கணினி உறக்கநிலைக்குச் செல்லும்போது நினைவகத்தின் உள்ளடக்கத்தை வாங்கி வைக்கும் கோப்பு, எக்ஸ்பியில் நினைவகத்துக்குச் சமமாகவும், விண்டோஸ் 7இல் அதன் 75 விழுக்காடாகவும், விண்டோஸ் 10இல் 40 விழுக்காடாகவும் இயல்பில் அமைந்தது. 16 கிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் இது 6 கிகாபைட்டுக்கு மேல். உறக்கநிலையை ஒருபோதும் பயன்படுத்தாதவர் அதனைக் கட்டளை வரியில் முடக்கினால் கோப்பு தானே மறையும். கோப்பை நேரடியாக அழிக்க முயல வேண்டியதில்லை. இயங்குதளம் அதற்கு இசைவதுமில்லை. புதிய பதிப்புகளில் கணினி விரைவாகத் தொடங்குவதும் இக்கோப்பைச் சார்ந்துள்ளமையால் அவ்வசதியும் உடன் நின்றுபோகும்.

முறைமை மீளமைப்பு வசதி எக்ஸ்பியில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட பிரிவுகளில் 12 விழுக்காடு வரையும், மறுசுழற்சித் தொட்டி 10 விழுக்காடு வரையும் வளர இடம் பெற்றிருந்தன. இரண்டும் சேர்ந்து தட்டின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடும் என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. இவ்வரம்புகளைக் குறைப்பது தீங்கற்றது. முற்றிலும் நிறுத்தினால், பழுதான இயக்கியொன்றை நிறுவிய பின் முந்தைய நாளுக்குத் திரும்பும் வழி அடைபடும்.

விண்டோஸின் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறை மிகுந்த குழப்பத்துக்கு உள்ளாகும் ஒன்று. இயங்குதளத்தின் கூறுகளும் இற்றைப்படுத்தல்களும் இங்கே வைக்கப்படுகின்றன. இதிலுள்ள கோப்புகளில் பல, விண்டோஸ் கோப்புறையின் பிற இடங்களில் உள்ளவற்றின் வன்பிணைப்புகள். அதாவது ஒரே தரவுக்கு இரு பெயர்கள். கோப்பு உலாவி இரண்டையும் தனித்தனியே கூட்டுவதால் கோப்புறை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. இதனைக் கையால் அழித்தவர்களின் கணினி பின்னர் தொடங்காமலேயே போகக்கூடும். விண்டோஸ் 8 முதல், பழைய கூறுகளை மட்டும் முறைப்படி நீக்கும் கட்டளை டிஸ்ம் கருவியில் உள்ளது.

இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும்போது பழைய பதிப்பு முழுவதும் "விண்டோஸ் ஓல்டு" என்ற கோப்புறைக்கு நகர்த்தப்படுகிறது. பத்துக் கிகாபைட்டுக்கு மேற்படக்கூடிய இது, விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளில் 10 நாட்களுக்குப் பின் தானாகவே நீக்கப்படுகிறது. 2019ஆம் ஆண்டின் 1903 பதிப்புடன், இற்றைப்படுத்தலுக்கென ஏறத்தாழ 7 கிகாபைட் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் முறையும் வந்தது.

லினக்ஸில் வழங்கும் எக்ஸ்ட் குடும்பக் கோப்பு முறைமைகள் இயல்பாக 5 விழுக்காட்டை நிர்வாகிக் கணக்குக்கு ஒதுக்குகின்றன. தட்டு நிரம்பினாலும் முறைமை இயங்கவேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. ஒரு டெராபைட் தட்டில் அது 50 கிகாபைட். படங்களை மட்டும் வைத்திருக்கும் தட்டில் இவ்வளவு தேவையில்லை. யுனிக்சு வழி வந்த இயங்குதளங்களில் வேறொரு விந்தையும் உண்டு. ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர் மறையும். அந்நிரல் நிற்கும் வரை இடம் விடுபடாது. கோப்புகளின் கூட்டுத்தொகைக்கும் தட்டின் நிரம்பிய அளவுக்கும் கணக்கு ஒவ்வாதபோது, கணினியை மீளத் தொடக்குவதே பல நேரங்களில் போதும். மாக் கணினிகளில் டைம் மெஷின் வைத்திருக்கும் உள்ளக நொடிப்படிகளும் இவ்வாறே பயனர் அழித்த கோப்பின் இடத்தைச் சில காலம் பிடித்து வைக்கின்றன.

இடம் எங்கே சென்றது எனக் காணல்

1990ஆம் ஆண்டு, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மனிதர்-கணினி ஊடாட்ட ஆய்வகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 மெகாபைட் வன்தட்டு அடிக்கடி நிரம்பியது. யார் எவ்வளவு இடத்தைப் பிடித்துள்ளனர் என்பதை ஒரே பார்வையில் காண விரும்பிய பென் சினைடர்மன், திரையைச் செவ்வகங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கோப்பையும் அதன் அளவுக்கு ஏற்ற பரப்பாகக் காட்டும் மரவரைபடத்தை வடிவமைத்தார். பங்குச் சந்தை நிலவரம் முதல் செய்தித் தொகுப்பு வரை பின்னர் பரவிய இவ்வரைபட வகை, நிரம்பிய வன்தட்டொன்றிலிருந்து பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் செக்கோயாவியூ, லினக்ஸுக்கான கேடிர்ஸ்டாட், அதனைப் பின்பற்றி விண்டோஸுக்கு எழுதப்பட்ட வின்டிர்ஸ்டாட் ஆகியன இம்முறையைக் கையாளும் இலவச மென்பொருள்கள். இவற்றை ஒருமுறை இயக்கிப் பார்த்தவர்கள் பொதுவாக அறிவது ஒன்றே: ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் ஒரு மூலையில் அடங்கிவிட, நான்கைந்து பெரிய செவ்வகங்கள் திரையை நிறைக்கும். மறந்துபோன நிகழ்படம், இருமுறை படியெடுக்கப்பட்ட நிழற்படத் தொகுப்பு, கைப்பேசியின் பழைய காப்புப்படி, நீக்கப்படாத விளையாட்டு ஆகியவை அவை. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடம் எடுக்கிறது. அப்படியிருந்தும் ஒரு முழு நாவலின் உரை ஓரிரு மெகாபைட்டைத் தாண்டுவது அரிது. சில நொடி நிகழ்படம் அதனை விஞ்சும். இடம் வேண்டி எழுத்துக் கோப்புகளை அழிப்பதில் பயனில்லை.

துப்புரவுக் கருவிகளும் அவற்றின் ஆபத்தும்

விண்டோஸ் 98 முதல் இயங்குதளத்துடனேயே வந்த வட்டுத் துப்புரவுக் கருவி, தற்காலிகக் கோப்புகள், உலாவியின் இடைமாற்றுக் கோப்புகள், பழைய இற்றைப்படுத்தல்கள் ஆகியவற்றை வகைப்படுத்தி நீக்குகிறது. விண்டோஸ் 10இல் 2017 முதல் சேமிப்பக உணர்வு என்னும் வசதி இதனைத் தானாகச் செய்கிறது. இவையே பெரும்பாலானோருக்குப் போதுமானவை.

பதிவகத் துப்புரவு மென்பொருள்களால் இடம் மீள்வதாகச் சொல்வது விளம்பரமே. நீக்கப்படும் பதிவுகள் சில கிலோபைட் அளவினவே. தவறான பதிவொன்று நீங்கினால் நிரல் பழுதாகும். துண்டாக்க நீக்கமும் இடத்தைத் தருவதில்லை. அது சிதறிய பகுதிகளை ஒன்றுசேர்த்து வேகத்தைக் கூட்டுவது மட்டுமே. 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், பெரும் பரவலுடைய சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு தீங்குநிரல் புகுத்தப்பட்ட நிலையில் அதன் சொந்த வழங்கியிலிருந்தே வினியோகிக்கப்பட்டது. குப்பையை அகற்ற வந்த கருவியே கேட்டைக் கொணர்ந்த நிகழ்வு இது.

இதனினும் பாடமாக அமைந்தது 2018ஆம் ஆண்டு அக்டோபர் மாத விண்டோஸ் 10 இற்றைப்படுத்தல். ஆவணங்கள், படங்கள் போன்ற கோப்புறைகளை வேறு தட்டுக்கு மாற்றியிருந்த பயனர்களுக்கு, பழைய இடத்தில் வெற்றுக் கோப்புறைகள் இரட்டையாகத் தெரிந்தன. அவற்றை அகற்றும் நிரல் இவ்விற்றைப்படுத்தலில் சேர்க்கப்பட்டது. சிலரது பழைய கோப்புறைகள் வெறுமையாக இல்லை. அவற்றுள் நகர்த்தப்படாத கோப்புகள் எஞ்சியிருந்தன. கோப்புறையுடன் அவையும் அழிந்தன. அக்டோபர் 2ஆம் நாள் வெளியான பதிப்பை மைக்ரோசாப்ட் சில நாட்களில் நிறுத்தி வைத்து, நவம்பர் 13ஆம் நாள் திருத்தி மீண்டும் வெளியிட்டது. இதே பதிப்பின் வட்டுத் துப்புரவுக் கருவியில் பதிவிறக்கக் கோப்புறையும் ஒரு வகையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. பட்டியல் முழுவதையும் படிக்காமல் தெரிவுசெய்யும் பழக்கமுடையோர், தாம் சேர்த்து வைத்திருந்தவற்றையும் அதனுடன் இழக்கும் நிலை இருந்தது. பின்னர் அவ்வகை பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது.

சுருக்கும் முறைகள்

எதையும் அழிக்காமல் இடத்தைப் பெருக்கும் முயற்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஸ்டாக்கர் மென்பொருள், எழுதப்படும் தரவை அவ்வப்போதே சுருக்கி வன்தட்டை ஏறத்தாழ இரு மடங்காக்கித் தந்தது. 1993இல் மைக்ரோசாப்ட் எம்எஸ்-டாஸ் 6.0 பதிப்பில் டபுள்ஸ்பேஸ் என்ற இதேபோன்ற வசதியைச் சேர்த்தது. காப்புரிமை மீறல் வழக்கில் 1994 பெப்ரவரியில் ஸ்டாக் நிறுவனத்துக்கு 12 கோடி டாலர் வழங்குமாறு நடுவர் குழு தீர்ப்பளித்தது. எதிர்வழக்கில் மைக்ரோசாப்டுக்கு 1.36 கோடி டாலர் கிடைத்தது. 6.21 பதிப்பில் அவ்வசதி நீக்கப்பட்டு, 6.22 பதிப்பில் வேறு முறையில் டிரைவ்ஸ்பேஸ் என்ற பெயருடன் திரும்பியது. என்டிஎஃப்எஸ் முறைமையில் கோப்புறை வாரியாகச் சுருக்கும் வசதி உள்ளது. உரைக் கோப்புகளுக்கு அது உதவும். நிழற்படம், இசை, நிகழ்படம் ஆகியன ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் அவற்றில் பயன் மிகக் குறைவு.

அழித்த பின்

ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் தரவு உடனே துடைக்கப்படுவதில்லை. ஃபேட் முறைமையில் கோப்பின் பெயரிலுள்ள முதல் பைட் மாற்றப்பட்டு, அதன் கொத்துகள் வெற்றிடமாகக் குறிக்கப்படுகின்றன. வேறு தரவு அவ்விடத்தில் எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். தவறுதலாக அழித்தவர் அத்தட்டில் எதையும் எழுதாமல் நிறுத்தினால், தரவு மீட்பு மென்பொருளால் பெரும்பகுதியைத் திரும்பப் பெற முடிவது இதனாலேயே. மீட்பு மென்பொருளையே அதே தட்டில் நிறுவுவது, தேடும் கோப்பின் மேலேயே எழுதிவிடக்கூடும்.

சுழலும் தட்டுக்குப் பதிலாகத் திண்மநிலை இயக்ககம் உள்ள கணினிகளில் இவ்வாய்ப்பு மிகக் குறைவு. விண்டோஸ் 7 முதல் இயங்குதளம், அழிக்கப்பட்ட பகுதிகளை டிரிம் என்னும் கட்டளை மூலம் இயக்ககத்துக்கு அறிவிக்கிறது. இயக்ககம் அடுத்த எழுத்துக்கு ஆயத்தமாக அப்பகுதிகளைத் தானே துடைத்து வைக்கிறது. மறுசுழற்சித் தொட்டியைக் காலி செய்த சில நிமிடங்களுக்குள்ளேயே அங்கிருந்த கோப்பு எந்த மென்பொருளுக்கும் எட்டாததாகிவிடலாம்.